எட்டுக் கட்டைக்கு ஐந்து விரல்

கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற தொழிலில் முழுப் பாட்டு கேட்கிற பாக்கியம் எப்போதாவதுதான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் நாலு பேர் ஒரே ஸ்கேலில் ஏறுவதும் பாதியில் வழுக்குவதுமான சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தையல், டைப்ரைட்டிங், ஹிந்தி, கார் ஓட்டுவது என்று எதையாவது அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைத் தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்ம பாடு நமக்குத்தானே தெரியும்!

தருமபுரி டவுனில் ஒரு முதல் மாடியில் என் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள். பகலெல்லாம் கீபோர்டுகள் துணியைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல், ‘பெரியவர்களுக்குப் பகல் வகுப்பு’ என்று வாசலில் ஒரு போர்டு வைத்தேன். யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் பட்ட பாடும், என்னைப் படுத்திய பாடும்தான் இனி வருவது.

விரல் தீர்ந்த கதை

முதலில் வந்தவர் முனிரத்தினம் அண்ணன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி சாயங்காலம்தான் வண்டியை எடுக்க வேண்டும். நடுவில் மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லாவிட்டால் பின் சீட்டில் படுத்துத் தூங்குவார்கள். இவருக்கு இரண்டும் ஆகாது. “சின்ன வயசு ஆசைங்க மிஸ்ஸு” என்று காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். என்னைவிட எத்தனையோ வயது மூத்தவர் என்னை ‘மிஸ்ஸு’ என்றதில் எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

முதல் பாடம் சி மேஜர் ஸ்கேல். எட்டு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் போதும், கருப்புக் கட்டை ஒன்றுகூட வராது. கட்டை விரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு இரண்டு, அப்படியே போய்ச் சுண்டு விரலுக்கு ஐந்து என்று நாங்கள் விரல்களுக்கு நம்பர் வைத்துக்கொள்வோம். அண்ணன் எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். வலது கையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து கட்டையும் அருமையாகப் பேசின. அப்புறம் நின்றுவிட்டார். கையைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“விரலு தீந்துபோச்சுங்க மிஸ்ஸு. மிச்சம் மூணு கட்டைக்கு யாரக் கூப்புடறது?”

கட்டை விரலின் வேலை

யாரையும் கூப்பிட வேண்டாம், அதே கட்டை விரல்தான் இன்னொரு தரம் வர வேண்டும் என்றேன். மூன்றாவது விரல் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் உள்ளங்கைக்குக் கீழே சத்தமில்லாமல் நுழைந்து நாலாவது கட்டையில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் மற்ற விரல்கள் அதைத் தாண்டிப் போகும். இவ்வளவுதான் விஷயம். சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வருவதற்கு மனிதர் ஒரு மாதம் தண்ணீர் குடிப்பார்.

அண்ணனுக்குக் கட்டை விரல் நுழையும்போதெல்லாம் முழங்கை கோழி இறக்கை மாதிரி மேலே எழும்பும். மூன்று கட்டை ஒழுங்காக வரும். நாலாவதில் ‘டொம்’ என்று கை மொத்தமும் விழும். “குதிக்காதீங்கண்ணே, முன்னாடியே கீழ கொண்டுவந்து தயாரா வெச்சுக்குங்க” என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் திடீரென்று முழங்கை எழும்பவில்லை. எட்டுக் கட்டையும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவருக்கோ என்மேல் கோபம்.

“இத்தன நாளா கிளட்ச்ச மிதிக்காம கியரு போட்டுட்டிருந்திருக்கறேன். இதுதான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?”

முதுகு வழியே ஒரு ஸ்கேல்

இரண்டாவது ஆள் கவிதா. அதியமான்கோட்டையில் வீடு. அவள் புருஷன் செல்வம் நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களுக்கு வாட்டர் வாஷ் செய்கிற கடை வைத்திருக்கிறார். அவர்கள் மகள்தான் முதலில் என் மாணவி. அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று சிலம்பத்தில் மனசு போய்விட்டது. “இனிமே பாப்பா வராதுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போக வந்தவள், சொல்லி முடித்தும் போகவில்லை. கீபோர்டின் மேல் கிடந்த துணியை நீவிக்கொண்டே நின்றாள். “நான் வந்தா சேத்துக்குவீங்களா?” என்றாள். இத்தனை நாளும் மகள் வாசிக்கும்போது பின்னால் உட்கார்ந்து தன் முழங்கால் மேல் வாசித்துப் பழகியிருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. டவுனில் தையல் கற்றுக்கொள்வதாகப் பொய். கணவர்தான் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் விடுவார். ஒரு நாள் அவரே மாடி ஏறி வந்துவிட்டார். கவிதா கீபோர்டை விட்டு எழுந்து சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டாள். சத்தம் போடப் போகிறார், ஒரு மாணவி போனாள் என்று நினைத்தேன். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மனைவியைப் பார்த்து, “தையலாம் தையலு!” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“பைக்குல பின்னாடி உக்காந்தா எம் முதுகுல வெரலு ஏறுது, எறங்குதுங்க மிஸ். ஏறறப்ப ஒரே சீரா போவுது. எறங்கறப்பதான் எங்கயோ தடுக்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

பல் டாக்டர்

கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். சாது. பேசினாலே பஞ்சு வைத்துப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் மேலே வந்தார். மேலே ஒரு ஆள் இரைச்சல் போடுகிறார் என்று கட்டட ஓனரிடம் சொல்லிவிட்டால் எனக்கு வேறு இடம் கிடைப்பது லேசில்லை. கீபோர்டு வகுப்பு என்றதும் கதவை அடைக்கிறவர்கள் பாதிப் பேர். அதனால் டாக்டர் வாயைத் திறக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வால்யூமைக் குறைக்கிறேன், ஹெட்போன் வாங்கிவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

டாக்டர் அதையெல்லாம் வேண்டாம் என்று கையாலேயே மறித்தார். முனிரத்தினம் அண்ணன் அந்தச் சமயத்தில் ஸ்கேலில் ஏறும்போது ஏழாவது கட்டை வரைக்கும் நன்றாகப் போவார். அங்கே நின்று, வாசித்தது சரியா என்று யோசிப்பார். எட்டாவது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஏழில் நின்ற ஸ்கேல், தும்மல் வந்து வராமல் நின்ற மாதிரி. கேட்கிறவனுக்கு அடுத்ததைக் கேட்காமல் மூச்சு விட முடியாது. டாக்டருக்கும் அதுதான் குறை.

“ஊசி போட வாயத் திறக்கச் சொன்னா, பேஷண்ட் மேல பாத்துக்கிட்டுக் காத்திருக்கறாங்க மேடம், எனக்கும் கை ஓட மாட்டேங்குது. அவர அந்த எட்டாவத வாசிச்சு முடிச்சுட்டு அப்புறமா யோசிக்கச் சொல்லுங்க.”

அருள்மேரியின் பட்டன்

மூன்றாவதாக வந்தவள் அருள்மேரி. இண்டூர் பக்கத்துக் கிராமம். மூவரில் அவள் ஒருத்திதான் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவள். அவர்கள் ஊர்ச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள்தான் கீபோர்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே காதால் கேட்டுப் பிடித்தது. வாசிப்பில் உயிர் இருந்தது. ஆனால் எல்லாப் பாட்டும் சி மேஜரில் மட்டும். பாடுகிறவர்கள் சுருதி ஏற்றச் சொன்னால் ‘டிரான்ஸ்போஸ்’ பட்டனை அமுக்கிவிடுவாள். விரல் அதே வெள்ளைக் கட்டைகளில் ஓடும், சத்தம் மட்டும் மேலே போய்விடும்.

அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர் உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். இருந்தாலும் பன்னிரண்டு மேஜர் ஸ்கேலும் விரலுக்குப் பழகிவிட்டால் பட்டனை நம்பி இருக்க வேண்டியதில்லை என்று, என்னிடமிருந்த ஸ்கேல் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் மரியாதையாகத் தள்ளிவிட்டாள்.

“ஆண்டவரே பத்துக் கட்டளையோட நிறுத்திக்கிட்டாரு. நீங்க பன்னெண்டு குடுக்கறீங்களே மிஸ்!”

ஞாயிற்றுக்கிழமை

அதற்கப்புறம் அவள் வந்தது திங்கட்கிழமை, கண் வீங்கி. நடந்தது இதுதான். சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கியிருக்கிறாள். பிள்ளைகளின் குரலுக்குத் தக்கபடி பட்டனை ஏகத்துக்கு ஏற்றியிருக்கிறாள். அப்படியே அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கீபோர்டு அணைத்தாலும் மறக்காத ஜாதி போலிருக்கிறது. மறுநாள் பூசையில், ஃபாதர் பீடத்துக்கு வரும்போது பாடுகிற வருகைப் பாட்டு. பாடகர் குழுவின் தலைவர் சூசை அண்ணன் எப்போதும் நாலு கட்டையில் பாடுகிறவர். பாடுகிறவர்கள் கணக்கில் ஒரு கட்டை என்றால் சி, நாலு கட்டை என்றால் எஃப். அன்றைக்கு ஆறு கட்டையில் ஆரம்பித்துவிட்டது.

சூசை அண்ணன் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க அந்த உயரத்திலேயே பாடினார். பின்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜனங்களுக்குச் சிரிப்பு. பலிபீடத்தில் ஃபாதர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அருள்மேரிக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பூசை முடிந்து சூசை அண்ணன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னாராம்:

“தேர்த் திருவிழாவுக்குச் சேலத்துல இருந்து ஆளச் சொல்லிக்கலாம்மா. நீ பாட்டுப் புஸ்தகத்த எடுத்துக் குடுத்தாப் போதும்.”

எஃப் மேஜர்

அவள் என்னிடம் கேட்டது பன்னிரண்டும் அல்ல, ஒன்றுதான். “எனக்கு அந்த நாலு கட்டைய மட்டும் கையில குடுங்க மிஸ்.” திருவிழாவுக்கு முந்திய ரிகர்சலில் தன்னை ஒரு தரம் வாசிக்கவிட வேண்டும் என்று சூசை அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள். சரியாக வராவிட்டால் சேலத்து ஆள்.

எஃப் மேஜரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சி மேஜரில் மூன்றாவது விரலுக்கு அப்புறம் நுழைந்து பழகிய கட்டை விரல், இதில் நாலாவது விரலுக்கு அப்புறம்தான் நுழைய வேண்டும். ஏனென்றால் நாலாவதாக வருவது கருப்புக் கட்டை. குட்டையான கட்டை விரல் அதன்மேல் ஏறினால் கை கோணிக்கொள்ளும். அதனால் நாலாவது விரல் கருப்பை அமுக்கும், அதற்கப்புறம் கட்டை விரல் கீழே நுழையும். சுண்டு விரல் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அருள்மேரியின் கட்டை விரலோ இத்தனை வருஷமாக மூன்று முடிந்ததும் ஓடிவந்து பழகியது. தடுக்கத் தடுக்க வந்து நின்றது. மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அவளைப் பிடித்து இழுத்தேன். “வூட்டுல மாவு பெசையறப்பகூட நாலுக்கப்புறம், நாலுக்கப்புறம்னு சொல்லிட்டே பெசையறேன்” என்றாள். அப்படியும் வரவில்லை. ஒரு நாள் கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேவிட்டாள். கவிதா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடைசியில் முனிரத்தினம் அண்ணன்தான் பேசினார்.

“அந்தக் கட்டை விரல வையாதம்மா. அது தப்புப் பண்ணல, பழைய ரூட்டுல போவுது. புது ரூட்டுக்கு மாத்திவிட்டா நாங்களே பத்து நாளு பழைய ஸ்டாப்புலதான் நிறுத்துவோம்.”

இடது கை

அப்படிச் சொன்னவருக்கு அடுத்த வாரமே சோதனை. பஸ் கதவைச் சாத்தும்போது வலது கை மோதிர விரல் மாட்டிக்கொண்டது. நசுங்கிய விரலுக்குக் கட்டுப் போட்டு, கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு டிரைவரைப் போட்டார்கள். அந்த ஆளே நிரந்தரமாகிவிடுவானோ என்று அண்ணனுக்குப் பயம். வெளியே சொல்லமாட்டார்; ஆனால் தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பார். வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்தார். வீட்டில் உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகிறதாம்.

வலது கை இல்லாததால் இடது கையைக் கொடுத்தேன். இடது கையைக் கண்டாலே எல்லோருக்கும் வேப்பங்காய்தான். அதில் சுண்டு விரலில் ஆரம்பிக்க வேண்டும். கட்டை விரல் வந்ததும் நடுவிரல் அதைத் தாண்டி மேலே போய் விழ வேண்டும். வலது கையைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. வேறு வேலை இல்லாத மனுஷர் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். கட்டுப் பிரித்தார்கள். விரலில் லேசான விறைப்பு மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்திலும் பழையபடி அவரையே கூப்பிட்டுக்கொண்டார்கள். மறுபடி வலது கையை வைத்து, இரண்டு கையையும் சேர்த்து வாசித்த அன்று, இடது கை முன்னால் போய்விட்டு வலது கை வருவதற்காக நின்று காத்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். இடது கையில் இன்னும் தத்தளித்துக்கொண்டிருந்த கவிதாவுக்கு வந்ததே பொறாமை!

“ஏண்ணே, அந்தக் கதவுல எங் கையவும் கொஞ்சம் வெச்சுப் பாக்கட்டுங்களா?”

தேர்த் திருவிழா

ரிகர்சலில் அருள்மேரி வாசித்துவிட்டாள். கட்டை விரல் சொன்ன பேச்சைக் கேட்டது என்று போனில் சொன்னாள். சூசை அண்ணன் கண்ணை மூடிப் பாடி முடித்துவிட்டு, “சரி, நீயே வாசி” என்றாராம். சேலத்து ஆளைச் சொல்லவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் நான், முனிரத்தினம் அண்ணன், கவிதா மூவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அந்த டிரைவர் கியர் போடுகிற லட்சணத்தை அண்ணன் விமர்சனம் செய்துகொண்டே வந்தார். சர்ச்சுக்கு வெளியே மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சப்பரம் பூவோடு நின்றது. நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கத்தில் பாடகர் குழு. அங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. சர்ச்சுக் கீபோர்டைக் காணவில்லை. மைக் செட்டுக்காரர்கள் தங்களுடையதையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரெண்டு மடங்கு நீளம், நானே பார்த்திராத மாடல், விமானம் ஓட்டுகிற அளவுக்குப் பட்டன்கள்.

அருள்மேரி அதன் முன்னால் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், அவள் கை முதலில் டிரான்ஸ்போஸைத்தான் தேடியது. இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை என்று நான் உதட்டைப் பிதுக்கினேன். ஒரு டீச்சர் செய்கிற காரியமா அது! ஆனால் உண்மை அதுதான். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேளம் நின்றது. ஃபாதர் பீடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். சூசை அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டு, இவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அவள் பட்டன்களை விட்டுவிட்டாள். கையை மடியில் ஒரு தரம் துடைத்தாள். எஃப்பில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது விரல் கருப்பில் நின்றது, கட்டை விரல் கீழே நுழைந்தது, ஸ்கேல் மேலே வரைக்கும் ஒரே மூச்சில் போய், பாட்டு அங்கிருந்து இறங்கி வந்தது. சூசை அண்ணன் தன் குரல் எங்கே இருக்குமோ அங்கேயே ஆரம்பித்தார். பின்னால் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஒரு இடத்தில் ஒரு கட்டை தவறியது. எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருக்கும். முனிரத்தினம் அண்ணன் தன் தொடையில் இடது கையால் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பந்தல் விளக்கைச் சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பூசை முடிந்து நாங்கள் போய் அவளைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த நேரம் சூசை அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். அருள்மேரி எழுந்து நின்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

“நல்லா இருந்துதும்மா! இன்னிக்காவது அந்தப் பட்டன மறக்காம கரெக்டா அமுக்குனியே!”

ஆகவே சக உபாத்தியாயர்களே, விரல் தப்பாக விழுந்தால்தான் ஊர் அதைக் கவனிக்கும், சரியாக விழுந்துவிட்டால் சொல்லிக்கொடுத்த ஆளையும் சேர்த்து மறந்துவிடும் என்று தெரிந்துகொண்டே தினமும் கடையைத் திறக்கிற தொழில் நம்முடையது.